இரண்டாவது மிதி

பிச்சாண்டி சாமிக்கு ஆவுடையப்பன் என்றொரு சீடர் இருந்தார். மளிகைக் கடையை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு, வயதில் தம்பி போன்ற சாமியின் பின்னால் கிளம்பி வந்தவர். தராசு முள் கொஞ்சம் ஆடினாலே நெஞ்சு ஆடிப்போகிற மனுஷர். அவருக்கு வாய்த்த குருவோ மலைமலையாக அலைகிறவர்.

ஒரு நாள் இருவரும் புல்மலை ஒன்றின் உச்சியிலிருந்த குகைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பாதி வழியில், பாதை மண்சரிவோடு போயிருந்தது. மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. சாமி புல் மண்டிய சரிவில் நேராக ஏறத் தொடங்கினார்.

ஆவுடையப்பன் அண்ணாந்து பார்த்தார். பிடித்துக்கொள்ள ஒரு மரம் கிடையாது. புல்லுக்கு அடியில் உதிரிக் கல். கீழே பள்ளம், அதைப் பார்க்காமல் இருப்பதே நல்லது.

"சாமி, வழியே இல்லையே?"

"இல்லைதான். பாத்து வாங்க, அண்ணாச்சி."

அவர் பார்த்துத்தான் வந்தார். சாமி எந்தப் புல்தூரில் காலை வைத்து எடுத்தாரோ, அதே தூரில் தம் காலை வைத்தார். குருவின் அடியொற்றி நடப்பதுதான் சீடனுக்கு அழகு என்று கேட்டு வளர்ந்தவர். பாதி பக்தி, மீதி நடுக்கம்.

சாமி திரும்பிப் பார்த்தார். "நான் மிதிச்சதுல மிதிக்காதீங்க. பக்கத்துல வேற தூராப் பாத்து வைங்க."

"உங்க தடத்தை விட்டா எனக்கு ஏது கதி, சாமி?"

சாமி திரும்பிக்கொண்டு மேலே ஏறினார்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். சாமி மிதித்துப் போன ஒரு தூர், ஆவுடையப்பன் மிதித்ததும் வேரோடு பெயர்ந்தது. குப்புற விழுந்து சறுக்கினார். கைக்கு அகப்பட்ட புல்லைப் பற்றிக்கொண்டு தொங்கினார். பெயர்ந்த கற்கள் உருண்டு போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"சாமி! கை குடுங்க!"

"நான் அங்க இறங்கினா அந்த மண்ணு ரெண்டு பேரையும் தாங்காது."

"ஐயோ, நான் செத்தேன்!"

"இன்னும் இல்லை. வலது காலுக்குப் பக்கத்துல என்ன இருக்கு?"

"தெரியலையே! நீங்களே சொல்லுங்க!"

"இங்கேருந்து எனக்குத் தெரியாது. நீங்கதான் பாக்கணும்."

ஆவுடையப்பன் சாமியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டாமல் எடுத்தார். ஒரு தூர் உயரமாக வளர்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இன்னொன்று குட்டை, ஆனால் கல்லிடுக்கில் வேர் விட்டிருந்தது. அதைக் காலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. ஏறி நின்றார். பிறகு அடுத்தது. முழங்கால் தேய, வாய்விட்டு அழுதுகொண்டேதான் ஏறினார்.

குகைக்குள் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஆவுடையப்பனுக்கு நடுக்கம் நிற்கவில்லை. கோபமும் வந்தது.

"உங்களைத் தாங்கின புல்லு என்னை மட்டும் ஏன் தாங்கலை?"

"என்னைத் தாங்கினதுலயே அதுக்குப் பாதி வேர் அத்துப் போச்சு."

"உங்களுக்கென்ன சாமி, பயம்னா என்னன்னே தெரியாது."

சாமி தம் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். அவையும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் ஏறினேன். எனக்கு முன்னால பாக்க ஆள் இல்லை, அண்ணாச்சி. அதனால புல்லைப் பாத்தேன்."