வளை ராஜினாமா செய்யவில்லை

ஒரு காட்டு ஏரிக்கரையின் கீழே, சரளைக் கற்களுக்கு நடுவே, ஓர் ஆட்காட்டிப் பறவை நான்கு முட்டைகள் இட்டிருந்தாள். ஒருநாள் முட்டைகளுக்கு அடியில் ஈரம் கசிவதைக் கண்டாள். கசிவின் தடம் பிடித்து மேலே போனாள். கரையின் நடுவில் ஒரு வளை! உள்ளே ஏரிக்கரை அமைச்சர் பெருச்சாளியார் சாவகாசமாகக் கிழங்கு கடித்துக்கொண்டிருந்தார்.

வேலியே பயிரை மேய்ந்த கதைதான். ஆட்காட்டி அன்றே, அந்தக் கரைமேல் கூடும் காட்டுச் சபையில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அவளுடைய எதிர்க்கட்சித் தோழர்களான தவளைகள், "பதவி விலகு! பதவி விலகு!" என்று மூன்று நாள் விடாமல் கத்தின. நான்காம் நாள் பெருச்சாளியார், "உடம்புக்கு முடியவில்லை" என்று ராஜினாமா செய்துவிட்டார்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று!" என்று நிம்மதியாகத் தோகையை உதறிக்கொண்டது, காட்டை ஆண்ட மயில். ஆளுங்கட்சிக் குரங்குகள் இரண்டு பிடி சருகை அள்ளி வளையின் வாயில் திணித்தன. அத்தோடு விஷயம் முடிந்தது என்றன.

தவளைகளுக்கும் ஏக சந்தோஷம். "ஜெயித்துவிட்டோம், ஆட்காட்டியக்கா!" என்று துள்ளின.

ஆட்காட்டிக்கு அந்தச் சந்தோஷம் ஒட்டவில்லை. முட்டைகளுக்கு அடியில் ஈரம் காயவே இல்லை. வடகிழக்கில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஐப்பசி மழைக்கு இன்னும் நாலைந்து நாள்தான். கரை உடைந்தால் முட்டைகள் போய்விடும். பள்ளத்தில் குடியிருக்கும் முயல்களும் முள்ளம்பன்றிகளும் போய்விடும். முட்டைகளை வேறிடம் தூக்கிப் போக அவளுக்குக் கையா இருக்கிறது?

"கரையைப் பற்றிச் சபையில் விவாதம் வேண்டும்!" என்று மறுநாள் கேட்டாள்.

அந்தச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. சபாநாயகர் ஒரு கிழட்டு ஆமை. அவர் தலையை வெளியே நீட்டினால் சபை கூடியது என்று அர்த்தம். உள்ளே இழுத்துக்கொண்டால் ஒத்திவைப்பு. கூச்சல் கேட்டால் போதும், அவர் தலை தானாகவே உள்ளே போய்விடும்.

ஆட்காட்டி இனத்துக்கோ கத்தாமல் பேச வராது. அவள் கத்தினாள். தவளைகளும் சேர்ந்து கத்தின. தலை உள்ளே போயிற்று. மறுநாளும் அதே கதை. பறவையாய்ப் பிறந்தவள் கரடியாய்க் கத்தியும் பலனில்லை.

மூன்றாம் நாள் அவள் ஒன்றைக் கவனித்தாள். அவள் பேசும்போது மயில் அவளைப் பார்க்கவே இல்லை. ஆமையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தது! கழுத்து உள்ளே போனதும் அதன் முகத்தில் ஒரு புன்னகை. 'அட, நம் கூச்சலைத்தான் இவர்கள் குடையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்களா!' என்று அவளுக்கு உறைத்தது. தன் மேலேயே கோபம் வந்தது.

"நாளைக்கு யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்றாள் தவளைகளிடம்.

"வாயைத் திறக்காமல் எதிர்க்கட்சியா? காடே சிரிக்குமே, அக்கா!"

"சிரித்துவிட்டுப் போகட்டும். கரை உடைந்தால் சிரிக்கக்கூட ஆள் இருக்காது."

மறுநாள் சபை கூடியது. தவளைகள் கன்னத்தை உப்பிக்கொண்டு, மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தன. ஆட்காட்டி எழுந்தாள். தொண்டை வரை வந்த கத்தலை விழுங்கினாள்.

"ஐயா, ஏரிக்கரையைப் பற்றி விவாதிக்க வேண்டும்" என்றாள் மெதுவாக.

மயில் திடுக்கிட்டது. "பெருச்சாளியார்தான் ராஜினாமா செய்துவிட்டாரே! இன்னும் என்ன விவாதம்?"

"அவர் ராஜினாமா செய்தார். வளை ராஜினாமா செய்யவில்லையே!"

மயில் கண்ணைக் காட்டியது. குரங்குகள் கிறீச்சிட்டன, கிளைகளை உலுக்கின. ஆமையின் தலை உள்ளே போகத் தொடங்கியது.

"ஐயா, சற்றுப் பொறுங்கள்! இந்தச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள்" என்றாள் ஆட்காட்டி.

ஆமை பார்த்தார். சபையே பார்த்தது. இந்தப் பக்கம் ஒரு தவளைகூட வாய் திறக்கவில்லை. குரங்குகள் அசடு வழிந்தபடி கிளையை விட்டன. ஆமை வெட்கப்பட்டு, என்றுமில்லாத நீளத்துக்குக் கழுத்தை நீட்டினார்.

"விவாதம் நடக்கட்டும். பெருச்சாளியாரைக் கூப்பிடுங்கள்!"

பெருச்சாளியார் தலை குனிந்து வந்தார்.

"வளை எவ்வளவு ஆழம்?" என்று கேட்டாள் ஆட்காட்டி.

"எந்த வளை? மூன்று இருக்கிறதே!"

"மூன்றா!"

"ஆமாம். ஒன்று முயல் பள்ளத்துக்கு மேலே. ஒன்று நீங்கள் பார்த்தது. இன்னொன்று..." என்று இழுத்தவர், மயில் நின்ற இடத்தைக் காட்டினார். "இந்தச் சபைக்கு அடியில்."

மயில் துள்ளி ஒரு கல்லின் மேல் ஏறிக்கொண்டது. "ஏனய்யா இத்தனை நாள் சொல்லவில்லை?"

"யார் கேட்டீர்கள்? அவர்கள் 'போ' என்றார்கள். நீங்களும் 'போய்விடு' என்றீர்கள். போனேன்."

தவளைகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. ஆட்காட்டிக்கும் நெஞ்சில் சுருக்கென்றது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பிறகு யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. பெருச்சாளியார் வளைகளைக் காட்டினார். குரங்குகள் களிமண் சுமந்தன. தவளைகள் குதித்துக் குதித்து மிதித்தன. கடைசி வளையை அடைத்த அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் கொட்டித் தீர்த்தது. ஏரி ததும்பியது. கரை அசையவில்லை.

"இது அரசு எடுத்த உடனடி நடவடிக்கை!" என்று அறிவித்தது மயில்.

தவளைகளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். "பார்த்தீர்களா அக்கா, அதன் வாயை!"

ஆட்காட்டி முட்டைகளின் மேல் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு அடியில் சரளை காய்ந்திருந்தது. முதல் முட்டையின் ஓடு உள்ளிருந்து தட்டப்படுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

குற்றம் செய்தவர் இடத்தைக் காலி செய்ததால் குற்றம் சரியாகிவிடாது. என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்டுப் பேசினால்தான் ஓட்டை அடைபடும்.