அறுபது வேளைத் தீனி

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு மீன் வளர்க்கும் ஆசை வந்தது. ராஜாவுக்கு ஆசை வந்தால் அவஸ்தை மற்றவர்களுக்குத்தானே! அரண்மனைக் குளத்தில் கெண்டைக் குஞ்சுகளை விட்ட மறுநாளே, "ஏன் இன்னும் வளரவில்லை?" என்று கேட்டார்.

பிரதானி திருமலைக்கொழுந்து முந்திக்கொண்டார். அவருக்கு விகடகவி கூத்தாண்டியைக் கண்டாலே ஆகாது. குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பேச்சிமுத்துவோ கூத்தாண்டி சேர்த்துவிட்ட ஆள்.

"பிரபு, இவன் நாளுக்கு நாலு வேளைதான் தீனி போடுகிறான். நாழிகை மணி அடிக்கும்போதெல்லாம் ஒரு கூடை போட உத்தரவிடுங்கள்."

"சாமி, குஞ்சு வயிறு கடுகத்தனை. திங்கிறதப் பாத்துப் பாத்துத்தான் போடணும். மிஞ்சினா தண்ணி கெட்டுப்போகும்" என்று பேச்சிமுத்து கெஞ்சினான்.

யார் காதில் விழுந்தது? நாளுக்கு அறுபது கூடை தவிடும் பிண்ணாக்கும் குளத்தில் கொட்டினார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் நாறியது. பாதிக் குஞ்சுகள் செத்து மிதந்தன.

"தீனியைத் திருடிப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டான்!" என்றார் பிரதானி, கொஞ்சமும் கூசாமல். பேச்சிமுத்துவின் தலையை வாங்கும்படி ராஜா கட்டளையிட்டார்.

கூத்தாண்டி எழுந்தான். "பிரபு, தலை எங்கும் ஓடிவிடாது. பிரதானியாரின் முறை நல்லதா என்று அவரிடமே சோதித்துவிட்டு வெட்டலாமே."

"அப்படியே ஆகட்டும். மீனுக்கு நடந்தபடியே நடக்கட்டும். ஒரு பிசகும் கூடாது" என்றார் ராஜா.

அறுபது வேளை விருந்து என்றதும் பிரதானிக்கு வாயெல்லாம் பல். அவரை ஒரு சிறிய அறையில் விட்டுப் பூட்டினார்கள். நாழிகைக்கு நாழிகை ஓர் இலை நிறையச் சாப்பாடு போனது. முதல் இலையை வழித்துச் சாப்பிட்டார். மூன்றாவதில் பாதி மிஞ்சியது. ஐந்தாவதைத் தொடவேயில்லை.

"இலைகளை எடுங்களப்பா!"

"குளத்தில் மிஞ்சியதை யார் எடுத்தார்கள் ஐயா?" என்றான் வெளியே நின்ற கூத்தாண்டி.

"கதவையாவது திற!"

"மீன் குளத்தைவிட்டு எழுந்து போகுமா?"

மோர்க்குழம்பு புளித்தது. ஈ மொய்த்தது. இருபதாவது நாழிகை மணிக்கு ராஜாவே மூக்கைப் பொத்திக்கொண்டு கதவருகே வந்தார்.

"பிரபு! நாலு வேளை போதும்! அவன் திருடவில்லை, நான்தான் பொய் சொன்னேன்! நாற்றம் தாங்காமல் செத்துவிடுவேன்!" என்று உள்ளிருந்து அலறல் கேட்டது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கதவைத் திறக்கவும் பேச்சிமுத்துவை விடுவிக்கவும் உத்தரவிட்டார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தாண்டியின் கழுத்தில் போட்டார். "வேறென்ன வேண்டும்?"

"ஆலோசனையையும் இனி அளவாகவே கேளுங்கள் பிரபு. முந்தியது செரித்த பிறகு."

கட்டை அவிழ்த்துவிட்டதும் பேச்சிமுத்து நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. "மிச்சக் குஞ்சுக்குத் தண்ணி மாத்தணும் சாமி!" என்று கத்திக்கொண்டே குளத்துக்கு ஓடினான்.