மாப்பிள்ளைக் குருவிக்கு ஒரு பயிலரங்கு

"கல்யாணத்துக்கு முந்தின நாள், மாப்பிள்ளையை ஒரே ஒரு காரியம் மட்டும் செய்ய விடக்கூடாது..." வயதான நாரை ஒன்று ஏதோ ஒரு கல்யாணத்தில் இப்படிப் பேச ஆரம்பித்தது. அது என்ன காரியம் என்று சொல்வதற்குள் பந்தி போட்டுவிட்டார்கள். கூட்டம் எழுந்து ஓடிவிட்டது.

ஆகவே அந்தப் பேச்சின் முதல் பாதிதான் காட்டில் எல்லோருக்கும் தெரியும். மறுபாதியை அவரவர் சௌகரியத்துக்கு நிரப்பிக்கொண்டார்கள்.

"குடிக்க விடக்கூடாது. அதைத்தான் சொல்ல வந்திருப்பார்" என்றது மைனா.

"இல்லை, தூங்க விடக்கூடாது" என்றது அணில்.

"தனியா இருக்க விடக்கூடாது. பாவம், பயந்துடும்" என்றது தவளை.

மூவரும் ஒரு பழைய கிணற்றின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். கிணற்றின் மேல் ஓர் ஈச்சமரம் சாய்ந்திருந்தது. அதன் ஓலை நுனியில் தொங்கிக்கொண்டு நாரன் என்ற தூக்கணாங்குருவி கூடு பின்னிக்கொண்டிருந்தது. மூவருக்கும் நாரன் உயிர் நண்பன். மறுநாள் காலையில் நாரனின் கூட்டைப் பார்க்கப் பெண் வருகிறது.

தூக்கணாங்குருவிகளின் வழக்கம் அப்படி. மாப்பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை. கூட்டைத்தான் பார்ப்பார்கள். மாப்பிள்ளை பாதிக் கூடு பின்னி வைத்திருக்க வேண்டும். பெண் வந்து உள்ளே போகும். அலகால் மூன்று முறை இழுத்துப் பார்க்கும். கூடு தாங்கினால் கல்யாணம். தாங்காவிட்டால் பெண் பறந்துவிடும். 'ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்' என்கிற மரியாதையெல்லாம் குருவிகளிடம் கிடையாது.

நாரனின் பக்கத்திலேயே இரண்டு பாதிக் கூடுகள் காலியாகத் தொங்கின. இரண்டும் நாரன் பின்னியவைதான். முதல் கூட்டின் வாசல் காற்றடிக்கும் பக்கம் பார்த்துவிட்டது. இரண்டாவது கூட்டில் ஒரு முடிச்சு நழுவிவிட்டது. இது மூன்றாவது. இதில் ஒரு குறையும் வரக் கூடாது. ஏனென்றால் வாய்க்காலோரத்து நாணல் முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் நாலு நாள் போனால் கிழிக்கும்போதே ஒடியும். நாலாவது கூடு என்பது இனி அடுத்த வருடம்தான்.

"பேச்சிலர் பார்ட்டி வைக்கணும்!" என்றது மைனா.

மைனா இரண்டு வருடம் டவுனில் இருந்தது. ஒரு லாட்ஜின் பெயர்ப் பலகைக்குப் பின்னால் குடியிருந்ததால் உலகம் தெரிந்த பறவை என்று பெயர்.

"அப்படின்னா?" என்று கேட்டது தவளை.

"கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளையோட கடைசிச் சந்தோஷம்!"

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் கல்யாணம்தான்."

அணில் வாலைத் தூக்கியது. "அப்ப பனைமரத்துக்குப் போவோம்! கலயம் கட்டியிருக்காங்க. நுரை தள்ளுது!"

"சீ! கள்ளா?" என்றது மைனா. "பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? அதெல்லாம் பழைய காலம். இப்ப டவுன்ல ஒர்க் ஷாப்புதான். மாப்பிள்ளையும் கூட்டாளிங்களும் வட்டமா உட்கார்ந்து மண்ணு பிசையுறாங்க. மெழுகுவத்தி ஊத்துறாங்க. கூடை முடையுறாங்க. கடைசியில செஞ்சதைக் கையில பிடிச்சுக்கிட்டு வரிசையா நின்னு சிரிக்கிறாங்க."

"எதுக்குச் சிரிக்கிறாங்க?"

"அது தெரியலை. ஆனா குடிச்சவங்க சிரிக்கிற மாதிரியேதான் இருக்கு."

அணிலுக்கு அது போதுமானதாக இருந்தது. "மண்ணு, மெழுகு, முடையுறது... நாம எதை வைக்கலாம்?"

மைனா அண்ணாந்து பார்த்தது. நாரன் தலைகீழாகத் தொங்கியபடி ஓர் இழையைத் துளைக்குள் செலுத்திக்கொண்டிருந்தது.

"முடையுறதுதான்! நாரனுக்கு அதுன்னா உயிர். எப்பப் பார்த்தாலும் அதைத்தானே செய்யுறான்!"

மூவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். நண்பனின் மனதை இவ்வளவு நுட்பமாகப் புரிந்துகொண்டவர்கள் அந்தக் காட்டில் வேறு யாரும் இல்லை.

"மச்சான், கீழே வா! உனக்கு ஓர் ஆச்சரியம்!" என்று கத்தியது மைனா.

நாரன் விஷயத்தைக் கேட்டது. "வாசல் விளிம்புக்கு இன்னும் இருபது இழை ஓட்டணும்டா. காலையில பொண்ணு வருது."

"விளிம்பு எங்கே ஓடிடப் போகுது? அதை அப்புறம் பின்னிக்கலாம். இப்ப வந்து பின்னு!"

நாரன் மறுபடியும் வாயைத் திறப்பதற்குள், அணில் ஓலையில் ஏறி அதை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

பயிலரங்கு வாய்க்காலோரத்து வேப்பமரத்தடியில் நடந்தது. நடத்தியவர் குயில் மாஸ்டர். கூடு கட்டுவதைப் பற்றி அவரைப் போலப் பேச ஆளில்லை. குரல் அப்படி! அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் உறுதியான, தரமான கூட்டில்தான். அது யார் கட்டிய கூடு என்று யாரும் கேட்டதில்லை. அவர் தன் கையால் ஒரு குச்சியைக்கூட வைத்ததில்லை என்பதும் யாருக்கும் உறைக்கவில்லை.

"எல்லோரும் கண்ணை மூடுங்கள்" என்றார் குயில் மாஸ்டர். "உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் வெளியே விடுங்கள்."

"விட்டாச்சு!" என்றது தவளை உடனே.

"பிரமாதம்! நீங்கள்?"

நாரன் ஒரு கண்ணைத் திறந்தது. "போக மாட்டேங்குது மாஸ்டர்."

குயில் மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "தெரிந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் கஷ்டம். பரவாயில்லை, ஓரமாக உட்காருங்கள். மற்றவர்களுக்கு நாணல் கிழித்துக் கொடுங்கள்."

நாரன் நாணல் கிழித்தது. மைனாவுக்குக் கிழித்தது, அணிலுக்குக் கிழித்தது, தவளைக்கு ஈரமாகப் பார்த்துக் கிழித்தது. குயில் மாஸ்டர் முதல் முடிச்சைப் போட்டுக் காட்டினார். அது அவிழ்ந்துவிட்டது. "இதுவும் ஒரு பாணிதான்" என்றார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், நாரன் நுனியைப் பிடித்து இழுத்து முடிச்சை இறுக்கியது. தன் கல்யாண விருந்தில் தானே இலை போட்டுப் பரிமாறுகிற மாப்பிள்ளை மாதிரி அது அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று மத்தியானம் அங்கே சந்தோஷத்துக்குக் குறைவில்லை. மைனா தன் காலையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டு குப்புற விழுந்தது. நாரனே விழுந்து விழுந்து சிரித்தது. அணில் ஒரு காரியத்தில் இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. தவளையோ தன் வாழ்நாளில் ஒரு பொருளும் செய்ததில்லை. நீந்தும், கத்தும், அவ்வளவுதான். அது வாய்க்கால் மண்ணை உருட்டி, சுற்றிலும் நாணல் வலை பின்னி, ஒரு மணி செய்தது. செய்து முடித்து அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் செஞ்சதா இது?" என்று இரண்டு தடவை கேட்டது.

மைனா ஒரு வட்டப் பாய் பின்னியிருந்தது. அது வட்டமாகவும் இல்லை, பாயாகவும் இல்லை. அணில் தேங்காய் நாரில் ஒரு குஞ்சம் செய்திருந்தது. அது அணிலின் வாலைவிடப் பெரிது. குயில் மாஸ்டர் மூவருக்கும் ஆளுக்கோர் ஆலிலையில் கொத்திச் சான்றிதழ் கொடுத்தார். நாரனுக்குக் கொடுக்கவில்லை.

"வருகை இருந்தது. ஈடுபாடு போதவில்லை" என்றார்.

திரும்பி வரும் வழியில் மைனா சொன்னது: "மச்சான், இதெல்லாம் யாருக்கு? உனக்குத்தான்! உன் கூட்டுல மாட்டணும்!"

நாரன் அந்த மண் மணியை ஒருமுறை பார்த்தது. "கூடு இன்னும் பாதிதானே ஆகியிருக்கு? கல்யாணம் முடிஞ்சதும் மாட்டிக்கலாமே."

"பொண்ணு பார்க்கும்போது இருந்தாத்தானே அழகு? உனக்கு நாலு பேர் இருக்காங்கன்னு தெரிய வேணாமா?"

"நாலு பேர் இல்லை, மூணு பேர்" என்றது அணில். "ஆனா கனமான மூணு பேர், அண்ணே!"

நாரன் 'வேண்டாம்' என்று சொல்ல வாயெடுத்தது. அப்போது தவளை மெதுவாகச் சொன்னது: "என்னோடது கொஞ்சம் கோணலாத்தான் இருக்கு. உனக்குப் பிடிக்கலைன்னா விட்டுடு தம்பி. நான் கிணத்துலயே வச்சுக்கிறேன்."

அதற்குப் பிறகு யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்?

"யார் பிடிக்கலைன்னு சொன்னது? ரொம்பப் பிடிச்சிருக்கு!" என்றது நாரன்.

பாய் ஏறியது. குஞ்சம் ஏறியது. கடைசியாக மண் மணி ஏறியது. கூடு ஒரு பக்கம் சாய்ந்தது. பொழுது சாயும் வரை நாரன் கூட்டின் கழுத்தில் முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தது. விளிம்புக்கு வைத்திருந்த இருபது இழைகளும் அதிலேயே தீர்ந்துபோயின. கீழே கைப்பிடிச் சுவரில் மூவரும் வரிசையாக நின்று மேலே பார்த்துச் சிரித்தார்கள். டவுனில் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இப்போது அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

காலையில் பெண் வந்தது. அதன் பெயர் கதிரி. மூன்று நண்பர்களும் இரை தேடப் போயிருந்தார்கள்.

கதிரி உள்ளே போகவில்லை. கூட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"இதெல்லாம் என்னங்க தொங்குது?"

"நண்பர்கள் செஞ்சு கொடுத்தது."

"எதுக்கு?"

"எதுக்குன்னு இல்லை. பிரியமாக் கொடுத்தாங்க."

"ரொம்பக் கனமான பிரியமா இருக்கும் போலிருக்கே!"

கதிரி உள்ளே போனது. ஒருமுறை இழுத்தது. கூடு தாங்கியது. இரண்டாம் முறை இழுத்தது. மண் மணி ஆடியது. கழுத்தில் ஓர் இழை 'சட்' என்று அறுந்தது. நாரன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டது. இப்போது தெரிந்ததெல்லாம் தானாகவே வெளியே போய்விடும் போலிருந்தது!

மூன்றாவது இழுப்பு வரவில்லை. கண்ணைத் திறந்தால், கதிரி வெளியே ஓலையில் உட்கார்ந்திருந்தது.

"மூணாவது தடவை இழுத்தா கூடு கிணத்துலதான். அதனாலதான் இழுக்கலை" என்றது. "நெசவு நல்ல நெசவுங்க. இந்த வாய்க்கால் முழுக்கப் பார்த்துட்டேன், இப்படி முடிச்சு யாரும் போடலை. ஆனா நான் முட்டை வைக்கப் போறது உங்க முடிச்சை நம்பி. உங்க கூட்டாளிங்க குஞ்சத்தை நம்பி இல்லை."

நாரன் அறுந்துபோன இழையைப் பார்த்தது.

"நான் வயலை ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன். வந்து மூணாவது இழுப்பை இழுப்பேன். அதுக்குள்ள என்ன செய்யணுமோ செஞ்சு வையுங்க."

பறக்கப் போன கதிரி, திரும்பிப் பார்த்துச் சொன்னது: "கூட்டாளிங்க கேட்டா, காத்துல அறுந்துடுச்சுன்னு சொல்லிடுங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

காற்றும் உண்மையிலேயே அடித்துக்கொண்டிருந்தது. நாரன் யோசித்துப் பார்த்தது. பொய் சுலபம்தான். யாருக்கும் மனம் நோகாது. மைனா காற்றைத் திட்டும். அணில் காற்றைத் திட்டும். தவளை, "பரவாயில்லை தம்பி" என்று சொல்லும்.

அப்புறம்? அப்புறம் மைனா என்ன சொல்லும் என்பதும் நாரனுக்கு நன்றாகத் தெரியும்.

"அறுந்துடுச்சா? கவலைப்படாதே மச்சான்! குயில் மாஸ்டர் அடுத்த வகுப்பு வைக்கிறார். இதைவிடப் பெருசாச் செஞ்சு மாட்டிடுவோம்!"

உண்மையைச் சொன்னால்? தவளையின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. 'நான் செஞ்சதா இது?' என்று கேட்ட அந்த முகம்.

வயலின் அந்தக் கரையில் கதிரி ஒரு பழுப்புப் புள்ளியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மைனா எருமை முதுகிலிருந்து எழுந்து கிணற்றுப் பக்கம் வந்தது. அணில் புளியமரத்திலிருந்து இறங்கியது. கிணற்றுக்குள்ளிருந்து தவளையும் ஏறி வந்து சுவரில் உட்கார்ந்தது.

வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன் கூட்டில், நண்பர்களின் அன்பும் பாரமாகத்தான் தொங்கும்.

நாரன் மூவரையும் கிட்டே கூப்பிட்டு, அவர்கள் கண்ணெதிரிலேயே பாயையும் குஞ்சத்தையும் மண் மணியையும் அறுத்து, அவரவர் கையில் திருப்பிக் கொடுத்தது.