ஏசடியானின் பெஞ்சு

இது நான் கண்ணால் பார்த்த கதை இல்லை. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி சொன்னாள். அவளுக்கு அவள் சித்தி சொன்னாராம். இரண்டு வாய் கடந்து வந்ததால் எங்காவது பிசகியிருக்கலாம். பிசகாமல் சொல்லப் பார்க்கிறேன்.

பாசறைமேட்டில் பட்டாளத்துக்காரர்கள் ஜெபிக்கக் கட்டிய ஒரு கிறிஸ்தவக் கோயில் உண்டு. சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு, ஆராதனைக்கும் பட்டாளத்துக்காரர்கள் துப்பாக்கியோடுதான் வர வேண்டும் என்று வெள்ளைக்காரன் உத்தரவு போட்டான். அதனால் பெஞ்சுகளின் முன்பலகையில், ஒவ்வோர் ஆளுக்கும் நேராக அரைவட்டமாய் ஒரு பள்ளம் வெட்டினார்கள். துப்பாக்கியை அதில் சாத்திவிட்டு ஜெபம் செய்வார்கள்.

பட்டாளம் போனதும் கோயிலைப் பூட்டிவிட்டார்கள். வௌவால் அடைந்தது. கொஞ்ச காலம் ரேஷன் அரிசி மூட்டை அடுக்கியிருந்தது. பிறகு ஊர்ச் சபையின் கைக்கு வந்தது. கடைசியாகக் கிளம்பிய அதிகாரி ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: கோயில் சாவியும் பின்னறையும் ஏசடியான் வம்சத்துக்கே. ஏசடியான் அந்தப் பட்டாளத்தோடு இருந்தவர்; கடைசிப் பெஞ்சில் தன் பெயரைச் செதுக்கி வைத்திருந்தார். சபையும் அந்த வாக்கை ஏற்றுக்கொண்டது.

பின்னறையில் இப்போது இருந்தவள் ஏசடியானின் கொள்ளுப்பேத்தி பெனினா. புருஷன் இல்லை, தலைக்கு மேல் வேறு கூரையும் இல்லை. சனிக்கிழமை தவறாமல் ஒட்டடை அடிப்பாள். பெஞ்சைத் துடைக்கும்போது ஒட்டடைக்கோலை அந்தந்தப் பெஞ்சின் பள்ளத்தில் சாத்திக்கொள்வாள். கடைசிப் பெஞ்சுக்கு வந்தால் மட்டும் தரையில் கிடத்துவாள்.

ரோடு அகலமானதும் பின்னறைக்கு மவுசு வந்தது. கூடவே, ஏசடியான் வம்சம் நான்தான் என்று சாவி கேட்டுக் கிளாட்சனும் வந்தான். புதுச்சட்டை, கையில் குடை, பக்கத்தில் வருங்காலச் சம்பந்தி. மகளுக்கு ‘மிலிட்டரி வம்சம்’ என்று சொல்லித்தான் சம்பந்தம் பேசியிருந்தான்.

அவன் மூக்கைப் பெனினா இரண்டாம் தரம் பார்த்தாள். அது அவள் அப்பாவின் மூக்கு. சாகும்போது அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது: ஏசடியானுக்கு இரண்டு மகன்கள், இளையவர் கோலார் தங்கவயலுக்குப் போனவர், திரும்பவில்லை, அங்கே ஒரு கிளை இருக்கிறது.

கிளாட்சன் சபையின் குருவானவரைப் பார்த்து, “ஐயா, என் கொள்ளுத்தாத்தா ஏசடியான் இந்தப் பட்டாளத்துச் சிப்பாய். கோலாருக்குப் போனது அவர் மகன். இதோ, இது அவர் உட்கார்ந்த பெஞ்சு” என்று குடையைக் கடைசிப் பெஞ்சில் சாத்தினான். அது சரிந்து விழுந்தது.

“எங்க ஏசடியான் பட்டாளத்துச் சமையக்காரரு. கரண்டி புடிச்ச கை” என்றாள் பெனினா.

“சமையக்காரனுக்குக் கோயில் சாவியா? கேட்டீங்களா ஐயா கதையை! விட்டா நாளைக்குக் குதிரைச் சாணி அள்ளுனவன் வம்சமும் வரும்.”

“வரட்டுமே. அதுங்களாவது தாத்தன் செஞ்ச வேலையைச் சொல்ல வெக்கப்படாம வரும்.”

கிளாட்சன் முகம் சுண்டியது. ஓரக்கண்ணால் சம்பந்தியைப் பார்த்துக்கொண்டான். ஆக, ஏசடியான் சமையல்காரர் என்று அவனுக்கும் தெரியும். பெனினாவுக்கு அந்த ஒரு பார்வை போதுமாயிருந்தது.

“பெனினா, இவர் உனக்குச் சொந்தமா? உள்ளதைச் சொல்லும்மா” என்றார் குருவானவர்.

ஆமாம் என்றால் அவன் கௌரவம் போகும்; தன் அறையில் பாதியும் போகும். அவன் கௌரவம் போவதைப் பார்க்க அவளுக்கு ஆசைதான். ஆனால் அறை ஒன்றுதான்.

“எங்க சொந்தத்துல பட்டாளத்துக்காரங்க யாரும் இல்லீங்கய்யா.”

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று கிளாட்சனிடம் கேட்டார்.

“எங்க சொந்தத்துல சமையக்காரங்க யாரும் இல்லை” என்றான் அவன், பல்லைக் கடித்தபடி.

குருவானவர் குனிந்து குடையை எடுத்தார். அதே பெஞ்சில் தானும் ஒருமுறை சாத்திப் பார்த்தார். மறுபடி விழுந்தது.

கதை இங்கே நிற்கிறது. சாவி யாருக்குப் போனது, எதை வைத்து? ஆளுக்கொரு பாதியை மறைத்த இந்த இருவரில் யார் செய்தது சரி?

விடை: சாவி பெனினாவுக்கு. கடைசிப் பெஞ்சில் துப்பாக்கிப் பள்ளமே கிடையாது. அங்கே உட்கார்ந்தவர்கள் துப்பாக்கி இல்லாத வேலைக்காரர்கள். அந்த ஏசடியான் சிப்பாயாக இருக்க முடியாது. சமையல்காரர் எனக்குச் சொந்தமில்லை என்று கிளாட்சன் தன் வாயாலேயே பாத்தியதையை அறுத்துக்கொண்டான். செய்ததில் யார் சரி என்றால், இருவருமே இல்லை. பெனினா பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. இரத்தச் சொந்தத்தை இருவரும் சேர்ந்தேதான் மறுத்தார்கள். ஒருவர் கூரைக்காக, ஒருவர் பெருமைக்காக. அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகத்தான் தெரிகிறது.

போன மாதம் ஒரு நேர்முகத் தேர்வுக்கு அந்த வழியாகப் போனபோது கோயிலுக்குள் சென்று பார்த்தேன். கடைசிப் பெஞ்சிலும் ஒரு பள்ளம் இருந்தது! மற்றவை கறுத்து வழவழவென்று இருந்தன; இது மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. தடவிப் பார்த்தேன், விரலில் சிராய் ஏறியது. பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் இதை யார் வெட்டியது என்று கேட்டேன்.

“கல்யாணத்துக்கு முன்னாடி ஒருத்தன் ஆள் வெச்சு வெட்டிட்டுப் போனான். சம்பந்தி வீட்டுக்குக் காட்டணுமாம்” என்றார். “போகட்டும். ஒட்டடைக்கோலைச் சாத்த எனக்கு வசதியாப் போச்சு.”