பதிலாள் வைத்துத் தவமிருந்த அரசன்

வந்து உட்காருங்கள். காது இருப்பவர்களுக்குத்தான் கதை. நடுவில் கொட்டாவி விடுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

நம் ஊர் ஆலமரம் விதையாகக்கூட இல்லாத காலத்தில், தென்கரை நாட்டை மகுடவர்மன் என்ற அரசன் ஆண்டான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் அவன் தின்றான். காலையில் அதிரசம், மதியம் அதிரசம், இரவில் அதிரசம். சிம்மாசனத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வெண்கலப் பானை நிறைய அதிரசம் இருக்கும். செங்கோல் எங்கே என்று கேட்டால் நாலு பேர் தேடுவார்கள். பானை எங்கே என்று யாரும் கேட்டதில்லை.

அந்த வம்சத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முடி சூடியவன் உடம்பு வருந்தக் கூடாதாம். ஆகவே வருத்தம் தரும் காரியம் எதற்கும் ஒரு பதிலாள் உண்டு. கோயில் பிராகாரத்தில் அரசன் பேரில் உருள ஓர் ஆள். ஏகாதசிக்கு அரசன் பேரில் பட்டினி கிடக்க ஓர் ஆள். இழவு விழுந்தால் அரசன் பேரில் அழ ஓர் ஆள். பழைய அரசர் செத்தபோது அந்த அழுகிற ஆள் பெற்ற மகனைவிட நன்றாக அழுதான். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார்கள்.

தின்றது சும்மா விடுமா? நீரிழிவு வந்தது. இடது காலில் ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது. அரண்மனை வைத்தியர் ஏகாம்பரனார் காலைத் தூக்கிப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் பேசினார், அதுவே பெரிய மரியாதை.

"அரசே, பானையை விடவேண்டும். தினமும் விடியலில் நடக்கவேண்டும். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கண்மூடி அமைதியாக உட்காரவேண்டும். மனம் அடங்காமல் நாக்கு அடங்காது. இதைச் செய்யாவிட்டால் மழைக்காலத்துக்குள் காலை எடுக்கவேண்டி வரும்."

அரசன் தலையசைத்தான். உடனே மந்திரிகளைக் கூப்பிட்டான். பானையை விட ஓர் ஆள், நடக்க ஓர் ஆள், கண்மூடி உட்கார ஓர் ஆள் வேண்டும் என்று கட்டளையிட்டான்.

மந்திரிகள் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்றுக்கும் ஒரே ஆள் போதுமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்த அறிவுக்கு அவருக்கு ஒரு பட்டுச் சால்வை கிடைத்தது.

அரசியின் தம்பி வல்லபன் அக்காள் வீட்டுச் சோற்றில் உடம்பு வளர்த்தவன். அத்தான் பானையில் மிச்சம் வைத்தால் வழித்துத் தின்பவன் அவன்தான். அவனைவிடச் சும்மா இருக்கும் ஆள் நாட்டில் இல்லை என்பதால் பதவி அவனுக்கே வந்தது. ஆற்றங்கரை மருதமரத்தடியில் அவனை உட்காரவைத்து, ஓடிவிடாமல் இருக்க இரண்டு சேவகரையும் நிறுத்தினார்கள்.

முதலில் வல்லபன் உட்கார்ந்தபடியே தூங்கினான். தூங்கித் தூங்கித் தூக்கமும் தீர்ந்துபோயிற்று. வேறு வேலை இல்லாமல் தன் மூச்சைக் கவனித்தான். மூச்சு வந்தது, போயிற்று. அப்புறம் அதிரச ஆசை வந்தது. எழுந்து ஓடப் பார்த்தான், சேவகர்கள் விடவில்லை. ஆசை கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. பிறகு அதுவும் போய்விட்டது. இவ்வளவுதானா என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது.

சிரித்துக்கொண்டே எழுந்தவனுக்குக் காலடி மணல் சுகமாக இருந்தது. காற்று சுகமாக இருந்தது. பசித்து வந்து குடித்த கேழ்வரகுக் கூழ்கூடச் சுகமாக இருந்தது. நாளைக்கும் வரலாம் என்று தோன்றியது. கொஞ்ச நாளில் சேவகர்கள் தேவைப்படவில்லை. பானை தேவைப்படவில்லை. தொப்பையும் அவனைவிட்டுப் போயிற்று.

அரண்மனையிலோ "அரசர் இன்றும் தவமிருந்தார்" என்று தினமும் முரசு அறைந்தார்கள். புலன்களை வென்ற வேந்தன் என்று புலவர்கள் பாடினார்கள். புலன்களை வென்ற வேந்தன் விரலில் ஒட்டிய நெய்யை நக்கியபடி அதைக் கேட்டான்.

மழைக்காலம் நெருங்கியது. வைத்தியர் மறுபடி வந்து கட்டைப் பிரித்தார். இரண்டு விரல்கள் கருத்துப்போயிருந்தன.

"அரசே, காலை எடுக்க நாள் பார்க்கலாம்."

"எடுத்தே ஆகவேண்டுமா?"

"ஆகவேண்டும்."

"அப்படியானால் வல்லபன் காலை எடுங்கள். என் பேரில் எல்லாம் செய்கிறவன் அவன்தானே?"

சபையில் சில மந்திரிகள் இதற்கும் தலையாட்டினார்கள். தலையாட்டுவது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. வல்லபன் மட்டும் இரண்டு அடி பின்னால் போனான்.

வைத்தியர் சொன்னார்: "தாராளமாக எடுக்கலாம். அவர் கால் போகும். உங்கள் கால் அழுகிக்கொண்டுதான் இருக்கும்."

அரசன் தன் காலைப் பார்த்தான். வல்லபனின் காலைப் பார்த்தான். வம்சத்து வழக்கம் தன் காலுக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. 

"இந்தக் காலை எனக்கு மிச்சப்படுத்திக் கொடுங்கள்," என்றான்.

"இரண்டு விரல்கள் இன்றே போகவேண்டும். மீதிக்கு அமாவாசை வரை பார்க்கிறேன்," என்றார் வைத்தியர்.

விரல்களை எடுத்தபோது அரசன் தானே அழுதான். அழுகிற ஆள் வாசலில் வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தான்.

அதன் பிறகு அரசன் தானே மருதமரத்தடிக்குப் பல்லக்கில் போய்க் கண்மூடி உட்கார்ந்தான். உட்கார்ந்து என்ன செய்தான்? தன்னைத் தானே திட்டினான். "தின்னிமாடே, வெட்கங்கெட்டவனே, இந்த நாக்கை அறுத்தால் என்ன?" என்று காலையெல்லாம் வைதான். சாயங்காலம் மனம் நொந்துபோய்ப் பானையைக் காலி செய்தான். மறுநாளும் வைதான், தின்றான். அடுத்த நாளும் வைதான், தின்றான்.

வல்லபனுக்குப் பொறுக்கவில்லை.

"அத்தான், அடி வாங்கினவன் ஆறுதல் தேடி ஓடத்தானே செய்வான்? உங்களுக்கு ஆறுதல் அந்தப் பானை ஒன்றுதான். நீங்களே உங்களை அடித்தால் அங்கேதான் ஓடுவீர்கள்."

"பிறகு என்ன செய்யச் சொல்கிறாய்?"

"ஆசை வந்தால் திட்டவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். வந்ததா, பார்த்துக்கொண்டிருங்கள். போய்விடும். போனதும் மனசுக்குப் பிடித்தது ஒன்றைச் செய்யுங்கள். உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

அரசன் யோசித்தான். அதிரசம் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஒரு நாட்டுக்கே அரசன், அவனுக்குப் பிடித்தது என்று சொல்ல ஒரு பண்டம்தான் இருந்தது. வெகுநேரம் கழித்து மெல்லச் சொன்னான்: "சின்ன வயதில் மருதாயியை நானே குளிப்பாட்டுவேன்."

மருதாயி அரண்மனைப் பெண் யானை. அரசன் முடி சூடிய அன்றே அவளைக் குளிப்பாட்டவும் ஒரு பதிலாள் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் ஆசை வந்தபோது அரசன் வையவில்லை. அது வந்து, நின்று, போவதைப் பார்த்தான். பிறகு மருதாயியை ஆற்றுக்கு அழைத்துவரச் சொல்லி, கட்டுப்போட்ட காலை நனையாமல் ஒரு கல்மேல் நீட்டி வைத்துக்கொண்டு, பக்கத்தில் தண்ணீரில் படுத்திருந்த அவள் காதைத் தேங்காய் நாரால் தேய்த்தான். அவள் பழைய ஞாபகத்தில் தும்பிக்கை நிறைய நீரை மொண்டு அவன் தலைமேல் ஊற்றினாள். அரசன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்திராத சேவகர்கள் பயந்துபோனார்கள்.

அடுத்த நாள் முரசு ஒலிக்கும் முன்பே விழித்துக்கொண்டான். ஒருநாள் தவறி ஓர் அதிரசம் தின்றுவிட்டான். அதற்காகத் தன்னை வையவில்லை, பானையைக் காலி செய்யவும் இல்லை. காலையில் மறுபடி போய் உட்கார்ந்தான்.

அமாவாசைக்கு வைத்தியர் வந்தார். புண் சிவந்து, சுருங்கி, மூட ஆரம்பித்திருந்தது. கத்தியை உறையிலிருந்து எடுக்காமலே திரும்பிப் போனார். புண் முழுதும் ஆறிய பிறகு அரசன் தன் காலாலேயே ஆற்றங்கரைக்கு விந்தி விந்தி நடந்தான். சிங்க நடை என்று புலவர்கள் பாடினார்கள். மந்திரிகளில் சிலர் தாங்களும் விந்த ஆரம்பித்தார்கள். அந்தக் கழுதைகளை விடுங்கள்.

வெண்கலப் பானை மருதாயிக்குத் தண்ணீர் மொள்ளப் போயிற்று. கால் மிஞ்சியது. போன இரண்டு விரல்கள் மட்டும் திரும்பி வரவில்லை. வல்லபன் தனக்காக உட்கார்ந்திருந்த காலத்துக்கு அரசன் கொடுத்த விலை அது.

மகுடவர்மனைப் பார்த்து நீங்கள் சிரித்தது போதும். நாளையிலிருந்து தொடங்குகிறேன் என்கிறவரும் பதிலாள் வைத்தவர்தான். அந்த ஆளுக்குப் பெயர் நாளை.

தன் மனத்தோடு தானே அமைதியாக உட்கார்ந்து, தன்னை வையாமல் மகிழ்ச்சியோடு பழகுகிறவனுக்கே கெட்ட பழக்கம் விடும், நல்ல பழக்கம் ஒட்டும்.