சாம்பல் நெய்

கடம்பத்துறை மன்னர் அதியரையனுக்கு எதையாவது ஒன்று, இரண்டு என்று எண்ணினால்தான் தூக்கம் வரும். அவர் அரண்மனையில் ஊக்கிச் சாலை என்று ஒன்று இருந்தது. ஊக்கி என்பது ஒரு சிட்டிகைப் பொடி. தான் மாறாமல் மற்ற பொருள்களை வேகமாக மாற வைக்கும். அதை ஆராய்ந்து பண்டிதர்கள் நூல் எழுதுவார்கள்.

ஒரு நாள் மன்னர் ஆணையிட்டார்.

"மற்றவர் நூல்களில் யார் பெயர் அதிகம் வருகிறதோ, அவரே சாலைத் தலைவர். பெயரே வராதவர் பௌர்ணமியன்று வெளியேற வேண்டும்."

விருபாட்சப் பண்டிதருக்குக் கொண்டாட்டம். அவர் சீடர்களைப் புகழ்வார். சீடர்கள் அவரைப் புகழ்வார்கள். ரசம் வைக்கும் குறிப்பைக்கூட 'விருபாட்சர் அருளியபடி' என்றுதான் தொடங்குவார்கள்.

அதே சாலையில் வேலை செய்த உமையாளின் பெயர் ஒரு நூலிலும் இல்லை. படகுக்குப் பூசும் எண்ணெய் ஒரே பகலில் காய்வதற்கு ஒரு பொடியைக் கண்டுபிடித்தவள் அவள்தான். அவள் மூட்டை கட்டுவதைப் பார்த்தான், அரசவையில் வாயாடி என்று பெயரெடுத்த வெண்காடன்.

"ஏனம்மா, நீயும் நாலு பேரைப் புகழ்ந்து வைத்திருக்கலாமே?"

"பொடி அரைக்கவே பொழுது போதவில்லை, ஐயா."

"சரி, மூட்டையை அவிழ்த்து வை."

அன்றே வெண்காடன் ஒரு நூல் எழுதினான். 'அடுப்புச் சாம்பல் ஒரு சிட்டிகை போட்டால் கிணற்றுத் தண்ணீர் நெய்யாகும். விருபாட்சருக்கு இது தெரியாது.'

சாலையே பொங்கி எழுந்தது. ஒருவரை மறுத்து எழுதினால், ஒவ்வொரு மறுப்பிலும் அவர் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பது அங்கே வழக்கம். 'வெண்காடன் கூற்று பிழை.' 'வெண்காடன் மூடன்.' 'வெண்காடன் நெய்யையே பார்த்ததில்லை.' சீடர்கள் போட்டி போட்டு எழுதினார்கள். விருபாட்சரும் தம் பங்குக்கு ஒரு தடித்த நூலே எழுதினார்.

பௌர்ணமியன்று எண்ணினார்கள். வெண்காடன் பெயர்தான் முதலில் நின்றது.

"அநியாயம்! அவனைத் திட்டித்தானே எழுதினோம்!" என்று கத்தினார் விருபாட்சர்.

"மன்னர் பெயரைத்தானே எண்ணச் சொன்னார், பண்டிதரே? திட்டைக் கழிக்கச் சொல்லவில்லையே!" என்றான் வெண்காடன்.

மன்னர் திகைத்தார். "ஆணை ஆணைதான். நீயே தலைவன். என்ன செய்யப் போகிறாய்?"

"பதவியை உமையாளிடம் கொடுத்துவிட்டு ஓடப் போகிறேன், மன்னா."

"அவள் பெயரை ஒருவரும் எழுதவில்லையே?"

"துறைமுகத்துக்கு வந்து பாருங்கள். படகுக்காரர் அத்தனை பேரும் அவள் பொடியைத்தான் கலக்கிறார்கள். கையெல்லாம் எண்ணெய். எழுத்தாணி வழுக்குகிறதாம்."

"அது சரி, நீ ஏன் ஓட வேண்டும்?"

"இத்தனை நூல்களில் பெயர் வந்தவன் சொன்னது பொய்யாகவா இருக்கும் என்று அரண்மனைச் சமையற்காரர் காலையிலேயே என் வாசலுக்கு வந்துவிட்டார். கையில் பெரிய குடம். நெய் வேண்டுமாம்."

மன்னர் தலைமை முத்திரையை எடுத்து உமையாளிடம் கொடுத்தார். பிறகு வெண்காடன் காதருகே குனிந்தார்.

"குடத்தைக் கொடுத்தனுப்பியது நான்தானப்பா" என்றவர், வயிறு குலுங்கச் சிரித்தார்.