நரியூத்தாற்றைக் காப்பாற்றாத கதை

நரியூத்தாறு பாதுகாப்பு இயக்கத்தின் தலைவர் கொம்பையா, எந்த மீனையும் அதன் சொந்த நீளத்தோடு விட்டு வைத்தவரில்லை. பிழைப்புக்கு மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கும் கடை வைத்திருந்தார். கடையில் மிக்சி ஓடுகிற நேரத்தை விட அவர் வாய் ஓடுகிற நேரம் அதிகம் என்பது ஆலங்குறிச்சியில் பொதுவான அபிப்பிராயம். அவருக்கும் அதில் மறுப்பில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை அவருக்கு ஆட்கள் வேண்டியிருந்தது. ஊருக்கு மேற்கே தடுப்பணையின் மதகு வாயைச் சீமைக் கருவேல முள் அடைத்துக்கொண்டு நின்றது. மலையில் மேகம் இறங்கிவிட்டது. முதல் வெள்ளம் வருவதற்குள் முள்ளை வெட்டி எடுக்காவிட்டால், தண்ணீர் மதகு வழியாகக் குளத்துக்குப் போகாது. கரையை அறுத்துக்கொண்டு கீழத்தெரு வீடுகளுக்குள் போகும். போன ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தது தலைவரும் துணைத்தலைவர் உச்சிமாகாளியும் மட்டும்தான். உச்சிமாகாளிக்கு முழங்கால் வலி. அவர் உட்காருவதற்காக வந்திருந்தார்.

ஆகவே கொம்பையா துணைத்தலைவரையும் கூட்டிக்கொண்டு இசக்கியப்பன் சலூனுக்குப் போனார். சனிக்கிழமை அங்கே பெஞ்சு நிறைய ஆள் இருக்கும். முறை வரும்வரை எவராலும் எழுந்து போக முடியாது.

முள் வெட்ட நாளைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டு, இயக்கம் வந்த பிறகு தண்ணீர் எப்படித் தெளிந்துவிட்டது என்று ஆரம்பித்தார். பாலத்தில் போகிற பஸ்ஸில் இருந்தே, ஆற்றின் அடியில் கிடக்கிற காசு பூவா தலையா என்று சொல்லிவிடலாமாம். மீன்களுக்குத்தான் சங்கடமாம், மறைவே இல்லாமல் போனதால் வெட்கப்பட்டுக்கொண்டு பொழுது சாய்ந்த பிறகே வெளியே வருகின்றனவாம். மருந்துக் கடைக்காரர் ஒருவர் இருமல் டானிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்துக் கொடுக்கிறாராம். மூடியைத் திறக்கும் சத்தத்திலேயே இருமல் நின்றுவிடுகிறதாம்.

பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற தாணு, பேப்பரை மடித்து மடியில் வைத்தார்.

"ஆறு இவ்வளவு நல்லா இருக்குன்னா, நாளைக்கு எங்களை எதுக்கு வே கூப்பிடுதீரு?"

பெஞ்சு முழுக்கத் தலையாட்டியது. கொம்பையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாகப் பேப்பருக்கு அனுப்பிய ஒவ்வொரு செய்தியிலும் அவர் ஆற்றைக் காப்பாற்றி முடித்திருந்தார். காப்பாற்றி முடித்த ஆற்றுக்கு எவன் அரிவாளோடு வருவான்? அவர் புளுகை விடவில்லை. அதன் முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பினார்.

நல்லா இருக்கா, யார் சொன்னது என்று அவரே கேட்டுக்கொண்டார். எங்கள் இயக்கத்தைப் போல உருப்படாத இயக்கம் ஏழு ஜில்லாவில் கிடையாது என்றார். கரையில் நட்ட மரக்கன்று ஒன்றுகூடப் பிழைக்கவில்லை; எல்லாம் ஆடு தின்றது. தின்று பழகிய ஆடுகள், கன்று நடும் நாளில் இயக்கத்தாருக்கு முன்பே வந்து கரையில் வரிசையாக நிற்க ஆரம்பித்தன. ஒரு தடவை நடுவிழாவைத் தள்ளி வைத்தபோது, மொத்த மந்தையும் தலைவர் வீட்டு வாசலுக்கு வந்து விளக்கம் கேட்டது. கூட்டத்துக்கு ஒழுங்காக வருகிற உறுப்பினர்கள் இன்றைக்கும் அவைதானாம்.

தாணு சிரிக்கவில்லை. ஆனால் பேப்பரை மறுபடி விரிக்கவும் இல்லை.

வெட்டிவேர் விஷயத்தையும் கொம்பையா சொன்னார். கரை அரிக்காமல் இருக்க ஒரு வருஷம் வெட்டிவேர் நட்டார்கள். மறு வருஷம் கரையைச் சுத்தம் செய்யும் முகாம். புல் மண்டிக் கிடக்கிறது என்று அத்தனையையும் வேரோடு பிடுங்கினார்கள். நட்டதற்கும் பிடுங்கியதற்கும் அதே இடத்தில், அதே சட்டையில் போட்டோ.

"இது நெசம்," என்றார் தாணு. "ரெண்டு போட்டோவும் பேப்பர்ல பாத்தேன்."

ஒரு சாட்சி கிடைத்ததும் கொம்பையாவுக்குத் தெம்பு வந்தது. ஆறு பிறக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கப் போன பயணத்தை எடுத்தார். ஓடை ஓடையாக ஏறினார்கள், இறங்கினார்கள். கட்டுச்சோறு தீர்ந்தது, செருப்பு தீர்ந்தது, கடைசியில் பேச்சும் தீர்ந்தது. முடிவில் ஓர் இடத்தில் தண்ணீர் சுரப்பதைக் கண்டு எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். எழுந்து பார்த்தால் ஆலங்குறிச்சி பஸ் ஸ்டாண்டின் கட்டணக் கழிப்பறைக்குப் பின்பக்கம். ஆனாலும் கும்பிட்டது கும்பிட்டதுதானே. நரியூத்தாறு அங்கேதான் உற்பத்தியாகிறது என்று தீர்மானம் போட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

சவரத்துக்கு முகம் கொடுத்திருந்தவர் குலுங்கியதில் இசக்கியப்பன் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

போன வாரம் மதகில் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல் என்றார் கொம்பையா. துணைத்தலைவர் ஒரு முள் கொப்பை வெட்டிக் கீழே போட்டுவிட்டு, டீ ஆறட்டும் என்று அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். டீ ஆறுவதற்குள் கொப்பு வேர் பிடித்துவிட்டது. விறுவிறுவென்று வளர்ந்து, அவர் வேட்டியில் மாட்டி, ஆளையும் டீ கிளாசையும் சேர்த்து மேலே தூக்கிக்கொண்டு போனது. தலைவர் ஏணி வைத்துக் கூப்பிட்டார். காற்று நன்றாக வருகிறது, இறங்க மாட்டேன் என்றுவிட்டார். அன்றைய கூட்டத்தை மேலிருந்தே நடத்தினார்.

எல்லாரும் மூலையில் இருந்த உச்சிமாகாளியைப் பார்த்தார்கள். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஏணி எங்க வீட்டு ஏணி. இன்னும் திருப்பித் தரல."

தாணுவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"இவ்வளவு கேவலமா ஒரு வேலை உலகத்துல நடக்காது வே. கண்ணால பாத்தாதான் நம்புவேன்."

"வந்துராதேயும் அண்ணாச்சி," என்றார் கொம்பையா. "மானம் போயிரும்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது, கடையை விட்டு வர முடியாத இசக்கியப்பனைத் தவிர, சலூன் பெஞ்சு மொத்தமும் ஆற்றங்கரையில் நின்றது. பெஞ்சு போய்ச் சொன்னதைக் கேட்டுக் கீழத்தெருவிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கொம்பையா அரிவாளை எடுத்தார். மோசமாக வெட்ட வேண்டும் என்று முதல் நாளே மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். ஒத்திகை வீண். அவருக்கு இயல்பாகவே அப்படித்தான் வந்தது. தூரை விட்டுவிட்டு நுனியை வெட்டினார். வெட்டியதைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார். முள்ளை எடுக்கக் குனிந்தபோது முதுகில் இன்னொரு கொப்பு மாட்டியது.

கரையில் முதலில் சிரிப்பு. பிறகு முணுமுணுப்பு. பிறகு ஆளுக்கு ஒரு யோசனை. கடைசியில் தாணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"தூர்ல போடணும் வே, தூர்ல. கொண்டாரும் இங்க."

அவர் வெட்டுவது சரியில்லை என்று கீழத்தெருக்காரர் ஒருவர் இறங்கினார். அவருக்கு வெட்டத் தெரியும், இழுக்கத் தெரியாது என்று இன்னும் நாலு பேர். மத்தியானம் மதகு வாய் திறந்து கிடந்தது. புதன்கிழமை வெள்ளம் வந்தது. கரையை மோதிப் பார்த்தது, மதகுக்குள் புகுந்தது, குளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கீழத்தெருவில் ஒரு வீட்டு வாசற்கோலம்கூட அழியவில்லை.

அடுத்த சனிக்கிழமை சலூனில் தாணுதான் பேசினார். முள்ளைத் தான் ஒற்றை ஆளாக வெட்டியதையும், வெட்டின வேகத்தில் அரிவாள் சிவந்து போனதையும், அதைத் தண்ணீரில் முக்கியதில் ஆறு கொஞ்ச நேரம் கொதித்ததையும் சொன்னார். புதன்கிழமை தற்செயலாக மதகுப் பக்கம் போனாராம். வெள்ளம் இவரைக் கண்டதும் நின்றதாம். போகலாமா என்று கேட்டதாம். போ என்று இவர் கையைக் காட்டிய பிறகுதான் போனதாம்.

இசக்கியப்பன் கொம்பையாவின் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, இது நெசமா?"

"பாதி நெசம்," என்றார் கொம்பையா. "வெள்ளம் மொதல்ல எங்கிட்டதான் வந்து கேட்டுது. எனக்கு என்ன தெரியும், தாணு அண்ணாச்சிகிட்ட போய்க் கேளுன்னு நான்தான் அனுப்பி வெச்சேன்."